மெரினா விமானக் காட்சி: வடசென்னைக் கரையிலிருந்து ஒரு விமர்சனம்

நாடகத்தை விமர்சிக்க வருபவர் முன்வரிசையில் இடம் பிடித்து உட்காருவது வழக்கம். இந்த விமர்சனத்தை எழுதுகிறவன் நின்றதோ மேடைக்குப் பின்புறம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மெரினா கடற்கரையில் இந்திய விமானப் படை நடத்திய காட்சியைத்தான் சொல்கிறேன். படையின் 92ஆவது ஆண்டு விழாவையொட்டி நடந்த அந்தக் காட்சியில் 72 விமானங்கள் கலந்துகொண்டன. சென்னை நகரம் இப்படி ஒன்றைக் கண்டு 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசகர்களில் பலர் மெரினா மணலில் நின்று பார்த்திருப்பீர்கள். இன்னும் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களின் மேல் நின்றுகொண்டு.

வேண்டுமென்று செய்த காரியம் அல்ல. வடசென்னைக்காரர் மெரினாவுக்குப் போகக் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்துச் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்குவது எளிய வழி. ஆனால் கடற்கரை - எழும்பூர் நான்காவது ரயில்பாதை வேலைக்காக, கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்த ரயில் 2023 ஆகஸ்டு மாதமே நிறுத்தப்பட்டுவிட்டது. அது மறுபடி ஓடத் தொடங்கியது காட்சி முடிந்து மூன்று வாரம் கழித்து, 2024 அக்டோபர் 29 அன்று! எஞ்சியவை பேருந்தும் மெட்ரோவும். தண்டையார்பேட்டையில் நிலையத்து வாசலிலேயே கூட்டத்தின் அளவைப் பார்த்துவிட்டு, கடல் எங்கும் ஒன்றுதானே என்று எண்ணிக் காசிமேட்டுக்கு நடந்தேன். அங்கே போனால் எனக்கு முன்பே அலைதடுப்புச் சுவர் முழுவதும் ஆட்கள். படகுகளின் கூரைமேல் சிறுவர்கள்.

பின்மேடையிலிருந்து பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. மெரினாவில் நின்றவர்கள் விமானங்கள் வருவதையும் போவதையும் பார்த்தார்கள். போன விமானம் எப்படித் திரும்பி வந்தது என்பதை நாங்கள் பார்த்தோம். இது சிறிய விஷயமா? விமானம் மோட்டார் வண்டியைப் போலச் சக்கரத்தைத் திருப்பி வளைவதில்லை. அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. இறக்கைகளில் மேல்நோக்கி இருந்த ஏற்றுவிசை இப்போது சாய்ந்து நிற்பதால், அதில் ஒரு பகுதி எடையைத் தாங்க, மறுபகுதி விமானத்தை வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கிறது. 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் இறக்கைகள் அதன் எடையைப் போல இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். உள்ளே இருக்கும் 60 கிலோ விமானி தன்னை 120 கிலோவாக உணர்வார். சரி, வட்டம் எவ்வளவு பெரியது? மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வாறு திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 920 மீட்டர். அதே சாய்வில் வேகத்தை 900 கிலோமீட்டராக்கிப் பாருங்கள். ஆரம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏறக்குறைய 3,680 மீட்டர். விட்டம் ஏழு கிலோமீட்டருக்கும் மேல்! மெரினாவின் வடமுனையைத் தாண்டிய ஒரு போர்விமானம் திரும்பி வருவதற்குத் துறைமுகம், ராயபுரம், காசிமேடு என்று எங்கள் கடற்பரப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான். சுழல் விசிறி பூட்டிய பழைய விமானங்கள் மட்டும் சிறிய வட்டத்தில் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டன.

இன்னொன்று, ஓசை. காசிமேட்டுக்கும் மெரினாவில் காட்சி நடந்த நடுவிடத்துக்கும் இடைவெளி சுமார் 8 கிலோமீட்டர். அன்றைய வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் அளவில் செல்லும். ஆகவே அங்கே செங்குத்தாக மேலேறிய விமானத்தின் உறுமல் எங்கள் காதுக்கு வந்தது சுமார் 23 விநாடி கழித்து. அதற்குள் விமானம் வேறெங்கோ போய்விட்டது. ஒன்றுமில்லாத நீல வானத்திலிருந்து இடி இறங்குவதைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள். சூரியகிரண் குழுவின் ஹாக் விமானம் சுமார் 12 மீட்டர் நீளம் உடையது. எட்டு கிலோமீட்டரில் அது 100 மீட்டர் தள்ளிப் பிடித்த அரை அடி அளவுகோலைப் போலத்தான் தெரியும். அது விட்ட புகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வெளியேறும் சூடான தாரையில் டீசல் எண்ணெயைத் தூவினால் அது ஆவியாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக நிற்கிறது. சாயம் சேர்த்தால் நிறம் வரும். புகை அழகுக்கு மட்டும் அல்ல. தூரத்திலிருந்து பார்ப்பவன் விமானம் போன பாதையைப் படிக்க அதுதான் எழுத்து.

இனி காட்சியில் வந்த விமானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் அது பட்டியலாகிவிடும். ரஃபேல், சுகோய்-30, மிராஜ்-2000, மிக்-29, ஜாகுவார், தேஜஸ், பிரசண்ட், துருவ் ஹெலிகாப்டர்களில் வந்த சாரங் குழு, சி-295, எச்டிடி-40 என்ற பெயர்களை எல்லாப் பத்திரிகைகளும் அச்சிட்டுவிட்டன. எனக்குக் குறிப்பாகச் சொல்லத் தோன்றுவது சிலவே.

முதலாவது, டகோட்டா. 1935 டிசம்பர் 17இல், ரைட் சகோதரர்கள் பறந்ததற்குச் சரியாக 32 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்த டிசி-3 வகை இது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு நம் படைவீரர்களைக் கொண்டு இறக்கியது இவ்வகை விமானந்தான். அது வடக்கே வந்து திரும்பியபோது, என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகள் படகு இயந்திரம் பழுதுபார்த்தவர், வானத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இது பிஸ்டன் இன்ஜின் தம்பி. மத்ததெல்லாம் காத்து ஊதுற சத்தம். இது நம்ம வீட்டுச் சத்தம்."

நம் வீட்டுச் சத்தம் என்பது வெறும் வாய்வார்த்தை அல்ல. எண்ணூரில் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று உருளையும் பிஸ்டனும் செய்து பிழைத்த மண் இது. 1950களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளில் ஒரே உருளை. அதன் கொள்ளளவு 350 கனசென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டகோட்டாவின் ஒவ்வொரு இயந்திரத்திலும் நட்சத்திரம் போல இரு வட்டங்களாக அடுக்கிய 14 உருளைகள். மொத்தக் கொள்ளளவு 30 லிட்டர். அதாவது ஓர் உருளை ஆறு புல்லட்டுக்குச் சமம்! இப்படிப்பட்ட இயந்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 1,200 குதிரைச் சக்தி. அம்முதியவருக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நடுவுல இருக்கிற உருளைக்குக் காத்து எப்படிப் போகும்?" என்பது. தண்ணீரால் அல்லாமல் காற்றால் குளிரவைக்கும் இயந்திரத்தில் இதுதான் மையமான சிக்கல். பின்வட்டத்து உருளைகளை முன்வட்டத்து உருளைகளின் இடைவெளிக்கு நேராக வைத்து, தகடுகளால் காற்றை வழிநடத்தி அதைத் தீர்த்தார்கள். மெரினாவின் சிறப்பு விருந்தினர் பந்தலில் இந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது, தேஜஸ். இது நம் நாட்டில் வடிவமைத்தது. 2001 ஜனவரி 4இல் முதன்முதல் பறந்தது. இதன் முதல் அணி கோவைக்கு அருகே சூலூரில் இருக்கிறது. முக்கோண இறக்கை, பின்னால் கிடைமட்ட வால் கிடையாது. படகுக் கூரையிலிருந்த ஒரு பையன், "வாலு இல்லாம எப்படிண்ணா நேராப் போவுது?" என்றான். கேட்டவன் காத்தாடி விடுகிறவன். வடசென்னையில் மொட்டைமாடிகள் எல்லாம் காத்தாடிக்காரர்களின் ராஜ்யம் என்பது உங்களுக்குத் தெரியும். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்களைக் குடித்ததால் தடை வந்தது. அந்தத் தடை நியாயமானதே. ஆனால் காத்தாடி அறிவு தடைபடவில்லை. வால் கட்டிய காத்தாடி ஆடாமல் ஓரிடத்தில் நிற்கும். அதை வைத்து டீல் போட முடியாது. சண்டைக் காத்தாடிக்கு வால் கிடையாது. நூலைத் தளர்த்தினால் அது சுழலும். சுண்டி இழுத்தால் மூக்கு பார்க்கும் திசையில் அம்புபோல் பாயும். அது நிலையற்றது என்பதே அதன் பலம். விழாமல் காப்பது கையில் இருக்கும் விரல்.

தேஜஸ் விமானத்தின் இரகசியமும் இதுதான். அது வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்து வடிவமைக்கப்பட்டது. தானாக விட்டால் மூக்கு நிமிர்ந்து தடுமாறிவிடும். விரலுக்குப் பதிலாக நான்கு கணிப்பொறித் தடங்கள், ஒன்று பழுதானால் மற்றவை காக்கும் வகையில், ஒவ்வொரு விநாடியும் பற்பல தடவை விமானத்தின் போக்கை அளந்து இறக்கையின் மடிப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. விமானி கைப்பிடியை அசைத்தால் கம்பி எதுவும் இழுபடுவதில்லை. மின்குறிப்புத்தான் கணிப்பொறிக்குப் போகிறது. காத்தாடிப் பையனுக்கு இதை விளங்கவைக்க எனக்கு மூன்று நிமிடம் ஆனது. அவன் மற்றவர்களுக்கு விளங்கவைக்க ஒரு நிமிடம் ஆனது.

தேஜஸ் விமானத்தில் பெருமைப்பட எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பெருமையோடு சொல்ல வேண்டிய ஒரு குறையும் உண்டு. காட்சிகளில் அதைச் சொல்ல மாட்டார்கள். அதன் இயந்திரம் அமெரிக்காவினுடையது. இதற்கென்றே 1980களின் இறுதியில் பெங்களூரில் ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். நம் ஆற்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள் - காவேரி. எடை கூடிற்று, உந்துவிசை போதவில்லை. 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது. விசையாழியின் தகடுகள், உலோகமே உருகிவிடும் அளவு சூடான வாயுவுக்குள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழன்றும் உருக்குலையாமல் இருக்க வேண்டும். ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய காற்றுவழிகள் வைத்த தகடுகள் அதற்குத் தேவை. அந்த வார்ப்புக் கலை கைவந்த நாடுகள் உலகில் மிகச் சிலவே. எண்ணூர், அம்பத்தூர்ப் பட்டறைகளில் வார்ப்பு வேலை கற்கும் இளைஞர்கள் அன்று ஆயிரக்கணக்கில் மணலில் நின்றிருப்பார்கள். "உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது" என்று அவர்களிடம் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால், அந்தக் காட்சிக்கு வேறு கனம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுகோய்-30இன் வித்தைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதைப் படித்தேன். சீறியது, பாய்ந்தது, குட்டிக்கரணம் போட்டது, மக்கள் மெய்சிலிர்த்தனர். வாசகர்களே, சிங்கத்துக்கும் இதே வினைச்சொற்கள்தாமே! அந்த விமானம் ஏன் குட்டிக்கரணம் போட முடிகிறது, ஜாகுவார் ஏன் போடுவதில்லை என்று ஒரு வரியாவது வேண்டாமா? சுகோயின் இரு இயந்திரங்களின் வாய்க்குழல்களும் திரும்பக்கூடியவை. இறக்கையின் மேல் காற்றோட்டம் முற்றிலும் கலைந்து, சுக்கான்கள் பயனற்றுப் போகும் மெதுவான வேகத்திலும், தாரையின் திசையை மாற்றி விமானத்தின் மூக்கைத் திருப்பலாம். ஓடாத தண்ணீரில் படகின் சுக்கான் வேலை செய்யாது. துடுப்பால் தள்ளித் திருப்பலாம் அல்லவா? அதுபோலத்தான். போர்விமானங்கள் உதிர்க்கும் தீப்பந்துகளையும் பலர் வாணவேடிக்கை என்றே எழுதுகிறார்கள். மக்னீசியம் கலந்த அந்தப் பந்துகள் இயந்திரத்தைவிடக் கடும் வெப்பக் கதிர்களை வீசும். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையை ஏமாற்றுவதற்கான தூண்டில் அவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சியின் இன்பம் குறையுமா, கூடுமா? எங்கள் அலைதடுப்புச் சுவரில் கூடியது.

ஆனால் அன்றைய நாளைப் பற்றி எழுதும்போது விமானத்தைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மயங்கி விழுந்தும் மூச்சுத் திணறியும் மருத்துவ உதவி பெற்றார்கள். ஒரு விமானமும் விழவில்லை. ஒரு சிறகும் உரசவில்லை.

விமானக் காட்சிகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1988 ஆகஸ்டு 28இல் மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் மூன்று விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தின் மேல் விழுந்தது. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் கூட்டத்தை நோக்கி வித்தை காட்டக் கூடாது, பார்வையாளர்க்கும் விமானப் பாதைக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும் என்ற விதிகள் பல நாடுகளில் இறுகின. 2019 பிப்ரவரி 19இல் பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது சூரியகிரண் விமானங்கள் இரண்டு மோதி ஒரு விமானி உயிரிழந்தார். 2025 நவம்பர் 21இல் துபாய்க் காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து அதன் விமானி மாண்டார். விமானப் படை இவற்றையெல்லாம் அறிந்தது. மெரினாவில் பாதைகள் கடலுக்கு மேலே வகுக்கப்பட்டன. பல நாள் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு அணியின் நேரமும் கணக்கிடப்பட்டது. வானத்தின் கணக்கில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. மணலின் கணக்கை யாரும் போட்டதாகத் தெரியவில்லை என்பதே என் குறை.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் அக்டோபர் 6 அன்று சூரியன் உச்சியைத் தொட்டது சுமார் 11 மணி 57 நிமிடத்துக்கு. அதாவது 11 மணியிலிருந்து 1 மணி வரை என்பது உச்சிப்பொழுதை நட்டநடுவில் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொரு மணி நேரம் அளந்து வெட்டிய துண்டு! அப்போது சூரியன் ஏறக்குறைய 72 பாகை உயரத்தில் நின்றது. ஐந்தரை அடி மனிதனின் நிழல் இரண்டடிகூட இல்லை. மெரினா மணலில் மரம் கிடையாது. முன்னிடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே வந்தவர்களுக்கு ஐந்து மணி நேரம் இதே நிலை.

மனித உடல் சும்மா நிற்கும்போதே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அன்று கூடியவர்கள் 15 லட்சம் என்று செய்திகள் கூறின. அப்படியானால் கூட்டம் மட்டுமே வெளியிட்ட வெப்பம் 150 மெகாவாட். 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் பெரிய அலகு ஒன்றின் திறனே 110 மெகாவாட்தான். இந்த வெப்பத்தை உடல் கழிக்கும் வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். முழுவதும் ஆவியானால்! கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. தோளோடு தோள் நெருங்கிய கூட்டத்துக்குள் காற்றோட்டமும் இல்லை. வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது; நீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி இலாபம் இல்லை. குடையும் தொப்பியும் தண்ணீரும் கொண்டுவரும்படி மக்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்று அமைச்சர் விளக்கம் தந்தார். ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேர் நிற்கும் இடத்தில் குடையை எப்படி விரிப்பது? கொண்டுவந்த ஒரு பாட்டில் தண்ணீர் பத்து மணிக்குத் தீர்ந்தால் அடுத்த பாட்டிலுக்கு யார் போய்வருவது? யார் குற்றம் என்ற வழக்காடலை அரசியல்காரர்கள் பல நாள் நடத்தினார்கள். அதற்குள் நான் போகவில்லை.

காட்சியை மாலை மூன்றரை மணிக்கு வைத்திருந்தால்? நான்கு மணிக்குச் சூரியன் 27 பாகை உயரத்தில், மேற்கே, பார்வையாளர்களின் முதுகுப் பக்கம் இருக்கும். அவர்கள் கிழக்கே கடலைப் பார்த்து நிற்பதால் கண் கூசாது. விமானத்தின் பக்கங்களில் ஒளி விழுந்து வடிவம் துலங்கும். பகலில் சூடேறிய நிலத்தை நோக்கிக் கடற்காற்றும் வீசிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அக்டோபர் தொடக்கத்தில் சென்னையில் பிற்பகல் இடிமழை வருவது உண்டு. மேகம் திரண்டால் காட்சியே நின்றுபோகும். திட்டமிட்டவர்கள் அதை அஞ்சியிருக்கலாம். அப்படியானால் காலை எட்டு மணிக்கு வைத்திருக்கலாம். அல்லது வேறு மாதம் பார்த்திருக்கலாம். வானிலை விமானத்துக்கு மட்டும் பார்க்க வேண்டியது அல்ல.

கூட்டம் திரும்பிப் போன கணக்கும் இப்படித்தான். ஒரு ரயிலில் 3,000 பேர் ஏறலாம் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டாலும், ஒரு லட்சம் பேரை ஏற்றிவிட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். வந்தவர்கள் ஒரு லட்சம் அல்ல. அவர்கள் நான்கு மணி நேரமாகச் சிறிது சிறிதாக வந்தவர்கள். ஒரு மணி அடித்ததும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் போர் நினைவுச் சின்னம், பாரிமுனை வழியாக நடந்தே ராயபுரம் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தண்ணீர் எங்கே கிடைத்தது என்ற கதையைத்தான் சொன்னார்கள்.

கூடிய கூட்டத்தின் எண்ணிக்கையே சாதனையாகப் பேசப்பட்டது எனக்கு விளங்காத ஒன்று. லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெறும் நோக்கம் காட்சிக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் என்ற சிற்றூரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசியில் ஒரு விமானத் திருவிழா நடக்கிறது. அதே 2024இல் அங்கே ஏறக்குறைய 6.8 லட்சம் பேர் வந்தார்கள் - ஒரு வாரம் முழுவதிலும் சேர்த்து. நாம் அதைவிட இரு மடங்கு கூட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்தோம். ஆஷ்காஷுக்கு விமானத்தில் வருபவர்களும் உண்டு. சுமார் 10,000 விமானங்கள் பறந்துவந்து புல்வெளியில் நிற்கின்றன, இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள். 1953இல் சொந்தக் கையால் விமானம் கட்டும் ஆசைக்காரர்கள் அமைத்த சங்கம் நடத்தும் விழா அது. 1970இலிருந்து அவ்வூரில் நிலையாக நடக்கிறது. மேலே புதிய விமானங்கள் வித்தை காட்டும்போதே, கீழே கொட்டகைகளில் தகட்டில் ஆணி அறையவும், மரச்சட்டம் ஒட்டவும், துணி இழுத்துப் போர்த்தவும் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். செல்வ நாட்டின் பொழுதுபோக்கு அது, நமக்கு அப்படியே ஒத்துவராது என்பது உண்மைதான். சொந்த விமானம் யாரிடம் இருக்கிறது இங்கே? ஆனால் ஆணி அறையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சென்னைக்கு இந்த ஆசை புதிதும் அல்ல. 1910இல், ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே ஆண்டுகளில், மவுண்ட் ரோடில் தின்பண்டக் கடையும் ஓட்டலும் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், தாமே திட்டமிட்ட விமானத்தைச் சிம்சன் வண்டிப் பட்டறையில் கட்டுவித்து, தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். குதிரை வண்டி செய்த தச்சர்கள் செய்த விமானம் அது. 1932 அக்டோபர் 15இல் டாட்டாவின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து புறப்பட்டபோது அதன் முடிவிடம் சென்னைதான். பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். விமானப் படை பிறந்து அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த முறை பறக்கும் காட்சிக்கு முந்திய வாரம் முழுவதும், நான்கு விமானங்களைத் தரையில் நிறுத்திவையுங்கள். பள்ளிகளுக்கு நாள் ஒதுக்குங்கள். இறக்கையைத் தொட்டுப் பார்க்கட்டும். விசையாழித் தகடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். எந்த விமானம், என்ன இயந்திரம், எதற்கு அந்த வடிவம் என்று தமிழில் பதினாறு பக்கம் அச்சிட்டு நாலணா விலைக்குக் கொடுப்பது போலக் கொடுங்கள். காட்சியை மெரினாவில் மட்டும் நடத்தாமல் எண்ணூர் முதல் கோவளம் வரை பல இடங்களில் ஒலிபெருக்கியும் பந்தலும் தண்ணீரும் வையுங்கள். வானம் அத்தனை இடத்துக்கும் பொதுவாகத்தான் இருந்தது, ஒலிபெருக்கிதான் எங்களுக்கு எட்டவில்லை.

கடற்படையின் டியூ-142 என்ற மாபெரும் கண்காணிப்பு விமானம் 1992 முதல் 2017 வரை நம் அரக்கோணத்தில்தான் இருந்தது. நான்கு இயந்திரம், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. அது ஓய்வுபெற்றபின் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக்கி, மக்கள் ஏறிப் பார்க்கப் படிக்கட்டும் வைத்தார்கள். காத்தாடிப் பையனிடம் இதைச் சொன்னேன். விசாகப்பட்டினத்துக்கு ரயில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.